சீமைக் கருவேலத்தைப் புடுங்குங்க, அடியில நிக்கிற பாலைக் கன்ன விட்டுட்டுப் புடுங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி மாசம் உங்க பேப்பர்ல எங்க வேதாரண்யம் பக்கத்துச் செய்தி ஒண்ணு வந்திருந்துச்சு. குளத்தங்கரையில மண்டிக் கெடந்த சீமைக் கருவேலத்தை ஜேசிபி வெச்சு வேரோட எடுத்துட்டு அந்த எடத்துல மரக்கன்னு நட்டாங்கன்னு போட்டு பக்கத்துலயே கலர் போட்டோவும் போட்டிருந்தீங்க. நல்ல வேலைன்னுதான் மொதல்ல நெனச்சேன், கருவேலத்தை எடுக்கணுங்கறதுல எனக்கு இப்பவும் மாத்துக் கருத்து கெடையாது. ஆனா அந்தப் போட்டோவுல பக்கெட்டுக்குக் கீழ குவிஞ்சு கெடந்த தழையில ஒரு கொப்பு மட்டும் வேற பச்சையா தெரிஞ்சுது. கருவேல எல பொடிப் பொடியா இருக்கும், இது நல்ல கரும்பச்சை, தடிச்ச எல. நான் இருவத்தாறு வருஷமா நர்சரி வெச்சிருக்கேங்க, எல பாத்துட்டா மனசு சும்மா இருக்காது, மத்தியானம் சோறு ஆக்கி வெச்சுட்டு தம்பி மவன வண்டி எடுக்கச் சொல்லி நேர்லயே போயிட்டேன்.

போயி பாத்தா சந்தேகப்பட்டது சரிதான், பாலை. குவியல ஒவ்வொண்ணா வெலக்கி எண்ணிப் பாத்தேன், 11 கன்னு. ஒண்ணு என் இடுப்பு ஒசரம், மத்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழ. வேரெல்லாம் காஞ்சு போயி கெடந்துச்சு, ஒடிச்ச எடத்துல பால் வடிஞ்சு கட்டியாயிருந்துச்சு. இடுப்பு ஒசரம்னா சின்னதுதானேன்னு யாரும் நெனச்சுறாதீங்க. தண்ணி ஊத்தாம, எரு போடாம, மணல்ல அதுபாட்டுக்கு மொளச்ச பாலை இடுப்பு ஒசரம் வர எத்தன வருஷம் ஆகும்னு எங்கள மாதிரி கன்னு வளக்குறவங்களுக்குத்தான் தெரியும். வேலை பாத்த தம்பிகிட்ட கேட்டேன், "அக்கா, பச்சையா நின்னுச்சு, எல்லாத்தையும் சேத்து வாரிட்டேன், க்ளீனா இருக்கணும்னு சொன்னாங்க"ன்னாரு. அவரக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அவருக்கு அது என்னன்னு யாரும் சொல்லிக் குடுக்கல. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

பாலைன்னு சொன்னா நம்ம ஊர்ல பாதிப் பேரு வெப்பாலைய நெனச்சுக்கறாங்க, தோல் வியாதிக்கு எண்ணெய் காய்ச்சுவாங்களே அது. இன்னும் சிலபேரு ரோட்டோரம் நிக்கிற ஏழிலைப்பாலைய சொல்லுவாங்க. மூணும் வேற வேற. நான் சொல்றது உலக்கைப்பாலை, பழம் திங்கிற பாலை, சப்போட்டா குடும்பத்து மரம். அடையாளம் ரொம்ப சுலபம், எலய எடுத்து நுனியப் பாருங்க, கூரா இருக்காது, மழுங்கி நடுவுல நகத்தால கிள்ளி விட்டாப்புல லேசா உள்ள வாங்கியிருக்கும். தொட்டா தோல் மாதிரி தடிப்பா இருக்கும், காம்ப ஒடிச்சா பால் வரும். வெப்பாலையிலயும் பால் வரும், ஆனா அதுல எல எதிரெதிரா ஜோடியா இருக்கும், காய் ரெட்டையா நீளமா தொங்கும். பாலையில எல கொப்பு நுனியில கொத்தா கூடி நிக்கும்.

இன்னொரு வழியும் சொல்றேன், உங்க வீட்டுத் தோட்டத்துல ஒட்டு சப்போட்டா இருந்தா இப்பவே போயி அடிய பாருங்க. ஒட்டு கட்டுன எடத்துக்குக் கீழேருந்து அப்பப்ப ஒரு துளிர் வரும், அது சப்போட்டா எல மாதிரியே இருக்காது, சின்னதா நுனி மழுங்கி இருக்கும். அதான் பாலை. சப்போட்டாவ பாலைக் கன்னு மேலதான் ஒட்டுக் கட்டுறோம், அந்த வேர் வறட்சியும் தாங்கும், நெறைய வருஷம் நெலைச்சும் நிக்கும். தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் மாயவரத்துலயும் எத்தன வீட்டுக் கொல்லையில சப்போட்டா காய்க்குது, நெறைய மரம் பாலைக் கால்லதான் நிக்குது, அந்தத் துளிர நாமதான் வாரா வாரம் கிள்ளிப் போட்டுகிட்டே இருக்கோம். (கிள்ளத்தான் வேணும், இல்லாட்டி மேல இருக்கிற சப்போட்டா நசிஞ்சிடும். அது வேற விஷயம்.)

எங்க அப்பாயி காலத்துல வைகாசி ஆனியில பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்பளைங்க கூடையில பாலைப்பழம் கொண்டாந்து ஒழக்குல அளந்து விப்பாங்க. வேப்பம்பழம் சைசுல மஞ்சளா இருக்கும், வாயில போட்டா சப்போட்டாவும் பனங்கற்கண்டும் கலந்தாப்புல ஒரு இனிப்பு, நாலு பழம் தின்னா ஒதடு ரெண்டும் ஒட்டிக்கும். அப்பாயி முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து எங்களுக்குக் குடுத்துட்டு கொட்டையத் துப்பாதீங்கடி, கையில வாங்குங்கன்னு சொல்லும். அந்தக் கொட்டை பளபளன்னு கருஞ்செவப்பா இருக்கும், அத வெச்சு நாங்க பல்லாங்குழி ஆடுவோம். வீட்டுல நெல்லு குத்துன உலக்கையும் பாலைதான். தண்ணித் தொட்டியில ஒரு துண்டு போட்டா மெதக்காது, அப்பிடியே அடியில போயி ஒக்காந்துக்கும், அவ்வளவு கனம். அந்த உலக்கை இன்னும் என் வீட்டுல இருக்கு, ரெண்டு பக்கமும் பூண் தேஞ்சு போச்சு, மரம் தேயல.

இப்ப அந்தப் பழக் கூடைய பாக்க முடியல, கோடியக்கரை சரணாலயக் காட்டுக்குள்ள பொறுக்கவும் கூடாதுன்னு சட்டம், அது நியாயமான சட்டம்தான், காட்டுல விழுற பழம் அங்க இருக்கிற ஜீவனுக்குச் சொந்தம். எனக்கு வருத்தம் காட்டுக்கு வெளியில இருந்த மரமெல்லாம் எங்க போச்சுங்கறதுலதான். எனக்கு நெனவு தெரிஞ்சு எங்க ஊர்லேருந்து கோடியக்காடு போற வரைக்கும் வேலியோரம், ஐயனார் கோயில் தெடல், சுடுகாட்டுப் பாதைன்னு அங்கங்க பாலை நிக்கும். இப்ப அதே பாதையில நான் பாத்து வெச்சிருக்கிறது நாலு பெரிய மரம். நாலுதான்.

வெளியூர்க்காரங்களுக்கு டெல்டான்னா நெல்லும் வாய்க்காலும்தான் நெனப்புக்கு வரும். ஆனா டெல்டாவோட தென்கிழக்கு மூலையில வேதாரண்யம் தாண்டிப் போனீங்கன்னா மண்ணே மாறிடும், கடல் கொண்டாந்து போட்ட மணல் மேடும் உப்பளமும் சேறுமா இருக்கும், காவிரித் தண்ணி அங்க எட்டாது. ஐப்பசி கார்த்திகையில பெய்யிற மழைதான் மொத்த வருஷத்துக்கும். அந்த மழைய மணல் உறிஞ்சி வெச்சுக்கும், மிச்ச மாசமெல்லாம் வெயிலும் உப்புக் காத்தும்தான். அதுலயும் எல கொட்டாம வருஷம் முழுக்க பச்சையா நிக்கிற காடு கோடியக்கரை காடு. ஃபாரஸ்ட்காரங்க அதுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுன்னு பேரு சொல்றாங்க. சோழமண்டலக் கரையோரம் நெடுக ஒரு காலத்துல இருந்த காடு, இப்ப துண்டு துண்டாதான் மிச்சம், புதுச்சேரி பக்கத்துப் புத்துப்பட்டு ஐயனார் கோயில் மாதிரி கோயில் காடா தப்பிச்சது பாதி. அதுல பெரிய துண்டுகள்ல ஒண்ணு எங்க கோடியக்கரை, அந்தக் காட்டுக்குத் தலைவன் பாலை. மேல பாலை, அதுக்குக் கீழ காரை, சூரை, சங்கஞ்செடி, காட்டு எலுமிச்சை, ஏறிப் பின்னிக் கெடக்கிற கொடிங்க. ரொம்ப ஒசரமெல்லாம் வளராது, காத்து சீவி விட்டாப்புல குட்டையா அடர்த்தியா இருக்கும், உள்ள நுழைஞ்சா வெயில் தெரியாது.

1967-ல சரணாலயம் ஆச்சு. 2002-ல உலக அளவுல முக்கியமான ஈரநெலங்களுக்கான ராம்சர் பட்டியல்ல சேந்துச்சு, தமிழ்நாட்டுலயே மொத ராம்சர் எடம் அதுதான். அதெல்லாம் பெரும்பாலும் பூநாரைக்காகவும் வெளிமானுக்காகவும் பேசறாங்க, பேசட்டும், அதுக்குத் தகுதியானதுங்கதான். ஆனா டிசம்பர்ல டூரிஸ்ட்டு வந்து பூநாரைய பாத்துட்டுப் போற வழியில ரெண்டு பக்கமும் நிக்கிற மரத்தோட பேரு கேக்குறவங்க நூத்துல ஒருத்தர் இருந்தா அதிகம்.

இப்ப கருவேலத்துக்கு வர்றேன். சீமைக் கருவேலம் அமெரிக்கா பக்கத்துச் செடி, 1870-கள்ல வெள்ளக்காரன் காலத்துல மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்துச்சு. வெறகுக்கும் வேலிக்கும் நல்லா ஒதவுச்சு, இன்னிக்கும் எங்க ஊர்ல எத்தன ஏழை வீட்டு அடுப்பு அதுல எரியுது, கரி மூட்டம் போட்டுப் பொழைக்கிறவங்க இருக்காங்க, அத நான் மறைக்க மாட்டேன். ஆனா அதோட காய் இனிப்பு, மாடு ஆடு மானு குதிரைன்னு எல்லாம் திங்கும், வெதை ஜீரணமாகாம சாணியில விழுந்து எருவோட மொளைக்கும். வெட்டுனா அடிக்கட்டையிலேருந்து பத்து கெளை வரும். கோடியக்கரையில புல்வெளி உள்ள எடத்தையும் பாலைக்காட்டு ஓரத்தையும் அது எவ்வளவு புடிச்சிருக்குன்னு போயி பாத்தா வயிறு எரியும். 2022-ல தமிழ்நாடு அரசே அன்னியக் களைச்செடிகளுக்குன்னு தனியா ஒரு கொள்கை போட்டுச்சு, எடுத்துட்டு நம்ம மண்ணு மரத்தைக் கொண்டு வரணும்னு. நல்ல கொள்கை.

சிக்கல் எங்கன்னா, கருவேலத்துக்கு அடியிலதான் இப்ப பாலை மொளச்சுகிட்டு இருக்கு. இத நான் ஏதோ படிச்சுட்டுச் சொல்லல, நாலஞ்சு வருஷமா குளத்தங்கரை, தெடல்னு குனிஞ்சு குனிஞ்சு பாத்துச் சொல்றேன். கொரங்கு பாலைப்பழத்தை தாடையில அடக்கிக்கிட்டு வந்து ஒக்காந்து கொட்டையத் துப்பும், பறவையும் கொண்டாந்து போடும், நரி தின்னுட்டுப் போகும். வெட்டவெளியில மொளச்சா ஆடு ஒரே கடில முடிச்சுடும். முள்ளுக்கு உள்ள ஆடு தலைய விடாது, அதனால அங்க விழுந்த கொட்டைதான் பொழைக்குது. பொழைக்குதே தவிர மேல எழும்ப முடியாது, வெளிச்சமும் இல்ல, தண்ணியெல்லாம் கருவேலம் குடிச்சுடுது, பத்து வருஷம் ஆனாலும் முழங்கால் ஒசரத்துலயே நின்னுகிட்டு இருக்கும். யாராச்சும் வந்து மேல இருக்கிற முள்ள மட்டும் எடுத்து விட்டா அது சரசரன்னு கெளம்பிடும், வேர் ஏற்கனவே ஆழமா போயிருக்கும் பாருங்க. அப்பிடி காத்துகிட்டு இருந்த 11 கன்னைத்தான் ஜேசிபி வாரிப் போட்டுச்சு. வாரிட்டு அந்தக் குழியில என்ன நட்டாங்க தெரியுமா, நர்சரிலேருந்து வாங்கின பூ மரக் கன்னு, பாதாம், ரெண்டு மூணு புங்கன். தப்பான மரம்னு சொல்ல வரல, ரோட்டோரத்துக்கு நல்லாருக்கும். இந்த மணல்ல ஒரு லாரித் தண்ணிய நம்பி நட்டா சித்திரை தாண்டுறது கஷ்டம்.

நாங்க நர்சரிக்காரங்களும் இதுல பொறுப்பு ஏத்துக்கணும், அத எழுதாம விட்டா இந்த லெட்டருக்கே அர்த்தமில்ல. பாலை எங்ககிட்ட விக்கிற சரக்கா இருக்கவே இல்ல, சப்போட்டாவுக்கு அடிக்கட்டையா மட்டும்தான் பாத்தோம், அதையும் வெளியூர்லேருந்து கட்டுக் கட்டா வரவழைச்சோம், நம்ம கோடியக்கரை பாலை வீட்டு வாசல்லயே இருக்கும்போது. மொத்தமா ஆர்டர் குடுக்கிறவங்க ஆறு மாசத்துல அஞ்சடி வளந்த கன்னு கேப்பாங்க, பாலை ஆறு மாசத்துல ஒரு ஜாண் இருந்தா பெருசு. அதனால யாரும் பாக்கெட் போடறதில்ல.

ஒட்டுக் கட்டுற பருவம் வரவே ரெண்டு வருஷம் ஆகும், நடுறதுக்கு ஏத்த தெடமும் அப்பதான் வரும். நான் மூணு வருஷமா போட்டுப் பாத்துகிட்டு இருக்கேன். கொட்டை பழசானா மொளைக்காது, தின்ன கையோட கழுவி ஒரு ராத்திரி தண்ணியில ஊறப் போட்டு, ஓட்டுல ஒரு ஓரத்த சொரசொரப்பான கல்லுல லேசா தேச்சு விட்டு, ஆத்து மணலும் மக்குன எருவும் கலந்து ஊனணும். ஒரு மாசம் ஒண்ணுமே தெரியாது, ஈரம் மட்டும் காயாம பாத்துக்கணும். அப்பறம் ஒரு நாள் காலையில மண்ண பொளந்துகிட்டு வளைஞ்ச கழுத்து ஒண்ணு வெளிய வரும், மேல அந்தக் கொட்டையோட ஓடு தொப்பி மாதிரி ஒட்டிகிட்டு இருக்கும். கை வெச்சு எடுத்துறக் கூடாது, அதுவா கழட்டிப் போடும். மொத வருஷம் மேல வளராது, பாக்குறவங்களுக்கு நின்னு போச்சுன்னு தோணும், பாக்கெட்டத் தூக்கிப் பாத்தா அடியில ஓட்டை போட்டுகிட்டு வேர் தரையில எறங்கியிருக்கும். அதனால நீளமான பாக்கெட்டா போடணும், மூணு மாசத்துக்கு ஒருக்க எடம் மாத்தி வெக்கணும். இத நான் நாலு தடவ கன்ன சாகடிச்சுத்தான் கத்துகிட்டேன்.

கொட்டைக்கு நான் காட்டுக்குள்ள போகல, மேல சொன்ன நாலு மரத்துல ரெண்டு ஐயனார் கோயில்ல இருக்கு, பூசாரி ஐயாகிட்ட கேட்டு அடியில விழுந்தத பொறுக்கிக்கிறேன். அந்த மரத்தப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்துல கரை ஏறுனப்ப என்ன ஆச்சுன்னு உங்க பேப்பர் படிக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. தென்னை, மா, முந்திரி, சவுக்கு எல்லாம் படுத்துச்சு, என் ஷேட் நெட்டு எங்க போச்சுன்னே தெரியல, முப்பது வருஷம் காய்ச்ச மாமரம் வேரோட வந்துருச்சு. விடிஞ்சு ஐயனார் கோயில் பக்கம் போனேன், பாலை ரெண்டும் நின்னுச்சு. கொப்பெல்லாம் ஒடிஞ்சு எல ஒண்ணு இல்லாம மொட்டையா நின்னுச்சு, ஆனா அடிமரம் அசையல. அடுத்த வருஷமே தழைஞ்சு வந்துச்சு. எல்லா பாலையும் தப்பிச்சுதுன்னு நான் சொல்லல, காட்டுக்குள்ளயும் நெறைய சேதம். ஆனா இந்தக் கடற்கரைக்கு மரம் நடணும்னா எதை நடணும்னு அன்னிக்கு எனக்கு வெளங்குச்சு.

போன வருஷம் இலங்கையிலேருந்து வந்து இங்கயே தங்கிட்ட ஒரு அக்கா மல்லிகைக் கன்னு வாங்க வந்தாங்க. ஓரமா இருந்த பாலை பாக்கெட்ட பாத்துட்டு அப்பிடியே நின்னுட்டாங்க. "இது எங்கட பாலையெல்லோ"ன்னு கேட்டாங்க. இலங்கை வடக்குப் பக்கம் வன்னியில பாலைப்பழக் காலத்துல வாளி வாளியா பொறுக்குவாங்களாம், பாணி காய்ச்சி வெப்பாங்களாம், கரடிக்குப் பயந்துகிட்டே காட்டுக்குள்ள போவாங்களாம். பேசப் பேச அவங்க கண்ணு கலங்கிடுச்சு. ஒரு கன்னு குடுத்தேன், காசு வாங்கல. அந்தக் கரையில சாதாரண ஜனம் பேரச் சொல்லி அழுற மரத்த இந்தக் கரையில ஜேசிபி வாருது, வாருறவங்களுக்குப் பேரு கூடத் தெரியல, எனக்கு அதுதான் தாங்கல.

பேருன்னு சொன்னப்பறம் இன்னொண்ணு. தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்துக்கிட்ட திருப்பாலைத்துறைன்னு பாடல் பெத்த தலம், சாமி பேரு பாலைவனநாதர், தலமரம் பாலை. சுத்தி இப்ப நஞ்சை, அந்தக் கோயிலுக்குள்ளயே நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிக்குது. திருக்கருகாவூர் முல்லைவனம், அரித்துவாரமங்கலம் வன்னிவனம், ஆலங்குடி பூளைவனம், எங்க ஊரே திருமறைக்காடு. நம்ம முன்னோருங்க ஊருக்கு ஊர் செடி பேரோ காட்டுப் பேரோதான் வெச்சிருக்காங்க. கோயில் நந்தவனத்துல அந்தந்த ஊர் பேருல இருக்கிற மரம் ஒண்ணாவது இருக்கணும்னு ஆசைப்படுறேன், அறநிலையத்துறை நெனச்சா ஒரே மழைக்காலத்துல முடியும்.

நான் கேக்குறது பெருசு இல்ல. குளத்துலயோ தெடல்லயோ கருவேலம் எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு, ரெண்டே நாளு, நூறு நாள் வேலைக்கு வர்ற பொம்பளைங்கள உள்ள விடுங்க. அவங்களுக்கு எல தெரியும், அறுவத்தஞ்சு எழுவது வயசுல இருக்கிற ஆத்தாமாருங்க கண்ண மூடிகிட்டே பாலைய சொல்லுவாங்க, காரைய சொல்லுவாங்க, சங்கஞ்செடிய சொல்லுவாங்க. நம்ம செடி எதெல்லாம் நிக்குதோ அதுல ஒரு துணிய கட்டச் சொல்லுங்க. துணி கட்டுன எடத்துல சுத்தி ரெண்டு மீட்டர் அரிவாளால கையில வெட்டட்டும், மிச்சத்துக்கு ஜேசிபி வரட்டும். டெண்டர்லயே இத ஒரு வரியா போட்டுட்டா முடிஞ்சுது. கன்னு வாங்குற செலவு மிச்சம், தண்ணி லாரி செலவு மிச்சம், பத்து வருஷ வேர் ஏற்கனவே மண்ணுல இருக்கு.

ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்டுகிட்டயும் ஒரு வேண்டுகோள், பழக் காலத்துல அவங்களே அளவா கொட்டை சேகரிச்சு தாலுகாவுல இருக்கிற நாலஞ்சு நர்சரிக்கும் மகளிர் குழுவுக்கும் குடுக்கலாம், எல்லாத்தையும் பொறுக்கிடாம விலங்குக்கு விட்டுட்டு. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சப்ப மாநிலத்தோட பசுமைப் பரப்ப 33 சதவீதமாக்கணும்னு சொன்னாங்க, அதுல எங்க கடலோரத்துக்கு ஒதுக்குற கன்னுல கொஞ்சமாச்சும் ரெண்டு வருஷத்துப் பாலைக் கன்னா இருக்கட்டும். முடியாத காரியம் ஒண்ணும் இல்ல, ஆரோவில்ல வெறும் செம்மண் பொட்டலா கெடந்த எடத்துல இந்த வகைக் காட்டு மரங்களையே வளத்து காட்டியிருக்காங்க, அங்க போயி பாத்துட்டு வந்தவ நான்.

ஒரு எச்சரிக்கையும் சேத்துச் சொல்லிடறேன். பாலை நல்ல மரம்னு கேட்டுட்டு யாராவது கோடியக்கரை புல்வெளியில கொண்டுபோயி நட்டுறாதீங்க. அது வெளிமானோட எடம், அதுக்கு தூரத்துல வர்றது தெரியணும், வெட்டவெளிதான் வேணும். புல்லுள்ள எடத்துல கருவேலத்த எடுத்துட்டு புல்ல விட்டுடணும், ஒரு கன்னும் நட வேண்டாம். பாலைக்கு மணல் மேடு, குளத்தங்கரை, கோயில் தெடல், வேலியோரம் போதும். பச்சையா இருந்தா எல்லா எடத்துக்கும் நல்லதுன்னு நெனச்சுத்தான் கருவேலத்தயும் ஒரு காலத்துல வெதைச்சாங்க.

புரட்டாசியில அந்தக் குவியல்லேருந்து 11 கன்னையும் ஈரக் கோணியில சுத்தி வண்டியில வெச்சு எடுத்துட்டு வந்தேன். எலய பூரா கிள்ளிட்டு, காஞ்ச வேர வெட்டி விட்டு, நெழல்ல பெரிய பாக்கெட்ல வெச்சேன். எட்டு போயிடுச்சு, அந்த இடுப்பு ஒசரக் கன்னும் அதுல ஒண்ணு, அதுக்கு ஆணிவேர் பாதியில அறுந்திருந்துச்சு. மூணு நிக்குது, இந்தக் கார்த்திகை மழையில ஒண்ணுல மட்டும் நுனியில செவப்பா மொட்டு மாதிரி ஒண்ணு தெரியுது, துளிரா இல்லயான்னு தெனம் காலையில பாத்துகிட்டு இருக்கேன். பாக்கெட்ல நானா போட்டது 140 சொச்சம் இருக்கு, ரெண்டு வருஷம் ஆனது அதுல 60 தேறும். எங்க தாலுகாவுல எந்தப் பஞ்சாயத்து கேட்டாலும் அந்த 60-ஐயும் சும்மாவே தர்றேன், ஆடு வராம முள்ளு வேலி போட ஆள் இருந்தா போதும்.

தை பொறந்து தண்ணி வத்துனதும் எங்க ஊருக்கு அடுத்த குளத்துல கருவேலம் எடுக்கப் போறதா பேச்சு. அந்தக் கரைய நான் போன வாரம் மழை விட்ட நேரத்துல சுத்திப் பாத்துட்டேன், வடக்குக் கரையில மட்டும் 23 பாலைக் கன்னு, முள்ளுக்குள்ள. உங்க நிருபர் அந்த மொதக் குளத்துக்கு வந்தாப்புல இதுக்கும் ஒரு தடவ வரணும், ஜேசிபி வந்தப்பறம் வேண்டாம், அதுக்கு முன்னாடி வரணும். கட்டுறதுக்குத் துணி வேணுமேன்னு வீட்டுல கெடந்த பழைய செவப்புச் சேலை ரெண்ட கிழிச்சு வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு நர்சரிக்காரி,
வேதாரண்யம் தாலுகா.